தாழங்குடா கடல்ல தெரிஞ்ச ரெட்டை வெளிச்சம்

2025 ஆகஸ்ட் 14, வியாழன் ராத்திரி

கடலூர் வந்தாச்சு. திருவான்மியூர்ல பஸ் ஏறுனதுலேர்ந்து இசிஆர் பூரா கூட்டம், நாளைக்கு சுதந்திர தினம் அதுக்கப்புறம் சனி ஞாயிறு, மொத்த சென்னையும் பாண்டிக்குத்தான் போகுது போல. பாண்டியில பஸ் மாறி திருப்பாதிரிப்புலியூர்ல இறங்கும்போது மணி ரெண்டு.

எதுக்கு வந்தேன்னு சொல்லிடறேன். போன செவ்வாய்க்கிழமை, 12ம் தேதி விடியக்காலம், தாழங்குடாவுலேர்ந்து கடலுக்குப் போன ஒரு ஃபைபர் படகுல மூணு பேர் ரெண்டு வெளிச்சத்த பார்த்திருக்காங்க, கடலுக்குள்ளேர்ந்து எழும்புன மாதிரி வந்து, ஒட்டிக்கிட்டே நின்னு, படகு போற பக்கமெல்லாம் கூடவே வந்துச்சாம். மஞ்சக்குப்பத்துல இருக்கற என் ஃப்ரெண்டு வாய்ஸ் நோட் அனுப்புனான். அடுத்த நாளே வாட்ஸ்அப்புல அது பறக்கும் தட்டு ஆயிருச்சு, எங்கேயோ வெளிநாட்டுல எடுத்த வீடியோவை வேற அதோட ஒட்டி விட்டுட்டாங்க. இன்னொரு குரூப்புல ட்ரோன்னு பேச்சு, மே மாசம் பாகிஸ்தான் எல்லையில சண்டை நடந்ததுலேர்ந்து ட்ரோன்னு சொன்னாலே எல்லாருக்கும் அடிவயிறு கலங்குது. மூணாவதா ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அதுதான் என்னை பஸ் ஏற வச்சுது: "தண்ணி போட்டுட்டு பார்த்திருப்பானுங்க."

மூணு பேருமே குடிக்கறவங்க இல்ல. அந்தப் பேச்சால அந்த சின்னப் பையன், இருபத்திரண்டு வயசு, செவ்வாய்க்கிழமையிலேர்ந்து கடலுக்கே போகல. அவங்க அம்மா விட மாட்டேங்கறாங்க.

சாயங்காலம் ஃப்ரெண்டோட தாழங்குடா போனேன். தேவனாம்பட்டினத்துக்கு வடக்க, பெண்ணையாறு கடல்ல விழற முகத்துவாரத்துக்குக் கிட்ட இருக்கற ஊரு. நான் இந்த மாதிரி விசாரிக்கும்போது ஒரு விஷயத்துல பிடிவாதமா இருப்பேன், "அது என்னன்னு நினைக்கறீங்க"ன்னு கேக்கவே மாட்டேன். எத்தனை மணி, எந்தப் பக்கம், எவ்வளவு உசரம், எவ்வளவு நேரம், சத்தம் இருந்துச்சா, எப்படி மறைஞ்சுது, இதை மட்டும்தான் கேப்பேன், அதுவும் மூணு பேரையும் தனித்தனியா. முதல்ல நோட்டுல அவங்களே வரையணும், அதுக்கப்புறம்தான் பேச்சு.

1947 ஜூன் 24ல அமெரிக்காவுல கென்னத் ஆர்னால்டுங்கற பைலட் ரெய்னியர் மலை பக்கத்துல ஒம்போது பொருள் பறந்ததைப் பார்த்தாரு. தண்ணியில தட்டை விட்டெறிஞ்சா எப்படி தத்தித் தத்திப் போகும், அந்த மாதிரி போச்சுன்னு அவர் சொன்னது அதோட ஓட்டத்தப் பத்தி. பேப்பர்காரங்க அதைப் பறக்கும் தட்டுன்னு போட்டாங்க, அதுக்கப்புறம் உலகம் பூரா எல்லாரும் தட்டையே பார்க்க ஆரம்பிச்சாங்க. பார்த்தவன் வாயிலேர்ந்து வந்த சொல்லு அப்படியே நமக்கு வந்து சேரணும்னா, நம்ம சொல்லை அவன் வாயில வைக்கக் கூடாது.

பையன் சொன்னது: மணி நாலு இருக்கும், கிழக்குக்கு கொஞ்சம் வடக்கால, ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது, பக்கத்துல பக்கத்துல, எதிர்ல வர்ற லாரி ஹெட்லைட்டு ரெண்டுல ஒண்ணு மங்கலா இருந்தா எப்படியோ அப்படி. வர்றப்போ செவப்பா இருந்து அப்புறம் வெள்ளையாச்சு. கீழ தண்ணியில வெளிச்சம் கோடு மாதிரி படகு வரைக்கும் வந்துச்சு. நடுவுல பட்டுன்னு ரெண்டும் அணைஞ்சு போயி, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னும் உசரத்துல வந்து நின்னுச்சு. சத்தம் கிடையாது. எவ்வளவு பெருசுன்னு கேட்டேன், "குடம் அளவு இருந்துச்சுண்ணே"ன்னான். கைய நீட்டிக் காட்டுடா, அந்த தூரத்துல எதை வச்சா அது மறையும்னு கேட்டதும் ரொம்ப நேரம் யோசிச்சு, "ஒரு மொளகு வச்சா மறைஞ்சிரும்"னான். முழு நிலாவையே நீட்டுன கையில இருக்கற ஒரு பட்டாணி மறைச்சிரும்னு அப்புறமா சொன்னேன், நம்பவே இல்ல.

படகுக்காரர் அவனுக்குப் பெரியப்பா முறை, அறுபது தாண்டினவரு. அவர் வரைஞ்சதும் அதே படம்தான், வடக்க இருந்ததுதான் சின்னதுன்னு கூடுதலா ஒரு விவரம். மூணாவது ஆளு அவரோட மச்சான். அவர் இந்த ரெண்டையும் சொல்லிட்டு வேற ஒண்ணும் சொன்னாரு, அதுக்கு முந்தின ராத்திரி ஒம்போது மணி வாக்குல தெற்கால ஒரு செவப்பு வெளிச்சம் மெதுவா மேல ஏறி, பத்து நிமிஷம் நின்னு, போயிருச்சாம். அதை வேற பக்கத்துல தனியா எழுதி வச்சிருக்கேன்.

ராக்கெட்டா இருக்குமோன்னும் பார்த்தேன். ஸ்ரீஹரிகோட்டா இங்கேர்ந்து வடக்க 220 கிலோமீட்டர் சொச்சம், பூமி வளைஞ்சிருக்கறதால ராக்கெட் மூணு நாலு கிலோமீட்டர் ஏறுனப்புறம்தான் கடலூர்லேர்ந்து கண்ணுக்குப் படும். ஆனா 12ம் தேதி அங்க எதுவும் கிளம்பல, ஜூலை 30 சாயங்காலம் நிசார் செயற்கைக்கோள் போனதுதான் கடைசி. பெரியவர் அதுக்கும் முன்னாடியே சொல்லிட்டாரு, "ராக்கெட்டு எங்களுக்குத் தெரியாதா தம்பி, அது வடக்கால கெளம்பி பொகைய வுட்டுக்கினு போவும்."

ரூமுக்கு வந்து நோட்டைப் பார்க்கறப்பவே எனக்கு ஒண்ணு தோணிருச்சு. ஆனா இன்னிக்கு எழுத மாட்டேன், நாளைக்கு விடியக்காலம் அதே இடத்துல நின்னு பார்த்துட்டுத்தான்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

மூணேகாலுக்கெல்லாம் தாழங்குடா கரையில இருந்தோம், நான், ஃப்ரெண்டு, அந்தப் பையன். தேய்பிறை நிலா நல்லா உசரத்துல. கச்சான் காத்து கரையிலேர்ந்து கடலுக்கு அடிக்குது. அடிவானத்துல மேகம் திட்டு திட்டா.

மூணே முக்காலுக்கு மேகத்துக்கு மேல ஒரு வெளிச்சம் வந்து நின்னுச்சு. அதுக்கும் மேல இன்னொண்ணு, சின்னது. பையன் என் கையைப் பிடிச்சுட்டான். "அதாண்ணே"ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "இல்லண்ணே, அது இல்ல, அன்னிக்கு ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, இது ஒண்ணுக்கு மேல ஒண்ணா எட்டி இருக்கு."

கீழ இருக்கறது வெள்ளி, நம்ம விடிவெள்ளி. மேல இருக்கறது வியாழன். நேத்து ராத்திரி எனக்குத் தோணுனது இதுதான். 12ம் தேதி அந்த ரெண்டும் ஒரு டிகிரிக்கும் குறைவான இடைவெளியில வந்து சேர்ந்துச்சு, உலகம் பூரா வானம் பார்க்கறவங்க காத்துக்கிட்டிருந்த நாளு அது. வெள்ளி வியாழனை விட சுமார் ஏழு மடங்கு பிரகாசம், அதனாலதான் ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது. உதிக்கறது கிழக்குக்கு நேரா இல்ல, வடக்க தள்ளி ரெண்டு கைமுட்டி தூரம், பையன் காட்டுன அதே இடம். அடிவானத்துல இருக்கறப்ப வெளிச்சம் நிறைய காத்தைத் தாண்டி வர்றதால முதல்ல செவப்பா தெரியும், மேல வந்தா வெள்ளை. அணைஞ்சது மேகம். இதெல்லாம் அவன் சொன்னதோட ஒவ்வொண்ணா பொருந்துது, அவன் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல.

ஆனா "இது அது இல்ல"ன்னு அவன் சொன்னதையும் நான் தள்ளிட முடியாது. அது அவன் கண்ணால பார்த்த விவரம்.

கைய நீட்டி சுண்டு விரலால அளந்தேன். நீட்டுன கையில சுண்டு விரல் அகலம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி, மூடுன கைமுட்டி பத்து டிகிரி. ரெண்டுக்கும் நடுவுல மூணு விரல். பையனும் அளந்தான், மூணு.

மத்தியானம் பெரியவர் வலை பழுது பார்த்துக்கிட்டிருந்தாரு, கொட்டகைக்கு கீழ, ஊசி கையில ஓடிக்கிட்டே இருக்கு. நான் போயி சொன்னேன். ஊசி நின்னுருச்சு. "தம்பி, வெள்ளிய எனக்குத் தெரியாதா? அம்பது வருசமா அதப் பாத்துதான் வலைய இழுத்து வாங்குறேன். ஜிபிஎஸ்ஸு வந்தது நேத்து. நீ மெட்ராசுலேந்து வந்து எனக்கு வெள்ளிய காட்டுறியா?"

நியாயமான கேள்வி. கோவமும் நியாயமானதுதான், ஏற்கனவே ஊரு அவரை குடிகாரன்னு பேசியிருக்கு, இப்ப நான் வந்து வெள்ளி கூடத் தெரியாதவருன்னு சொல்ற மாதிரி ஆயிருச்சு. நான் லடாக் கதையைச் சொன்னேன். 2012ல அங்க எல்லையில நம்ம ராணுவத்துக்காரங்க மாசக்கணக்கா ராத்திரி ராத்திரி வெளிச்சம் பார்த்தாங்க, சீனாக்காரன் ட்ரோன் விடறான்னு ரிப்போர்ட் மேல ரிப்போர்ட். கடைசியில பெங்களூர்ல இருக்கற இந்திய வானியற்பியல் நிறுவனத்து விஞ்ஞானிகளைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, அவங்க பார்த்துச் சொன்னது வெள்ளியும் வியாழனும். இதே ரெண்டுதான். துப்பாக்கியோட தூங்காம காவல் நிக்கற கண்ணு அது, அதுக்கே அப்படித் தெரிஞ்சிருக்கு.

பெரியவர் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கேட்டாரு, "சரி, ரெண்டு ஒண்ணா இருந்திச்சுல்ல, அது ஏன் இன்னைக்கி எட்டப் போச்சு?"

வெள்ளி தினமும் நகருது, வியாழனும் நகருது ஆனா ரொம்ப மெதுவா, அதனால நாளுக்கு ஒரு விரல் தூரம் இடைவெளி கூடும்னு சொன்னேன். "இன்னிக்கு மூணு விரல்னா மூணு நாள் பின்னாடி போங்க, செவ்வாய்க்கிழமை ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுக்கு முந்தின வாரம் பார்த்திருந்தா வெள்ளி மேல இருந்து வியாழனை நோக்கி இறங்கி வர்றது தெரிஞ்சிருக்கும்." அவங்க அதுக்கு முன்னாடி ஒரு வாரமா காத்து ஜாஸ்தின்னு கடலுக்கே போகலயாம். அதான், கிட்ட வர்றதைப் பார்க்காம, ஒட்டி நின்ன அன்னிக்கு நேரா போயி பார்த்துட்டாங்க. அம்பது வருஷம் தனியா பார்த்துப் பழகுன வெள்ளி, பக்கத்துல ஒரு ஜோடியோட மூட்டத்துக்குள்ளேர்ந்து செவப்பா எழும்புனா யாருக்குத்தான் அடையாளம் தெரியும்?

"அப்ப நாளைக்கி நாலு விரலு இருக்கணும்"னாரு. ஊசி மறுபடி ஓட ஆரம்பிச்சுது. "இல்லன்னா?"

இல்லன்னா நான் சொன்னது தப்புன்னு நீங்களே ஊர்ல சொல்லுங்கன்னேன்.


ஆகஸ்ட் 16, சனி

பெரியவர் எனக்கு முன்னாடியே கரையில உக்காந்திருந்தாரு. வானம் சுத்தம். பாதி நிலாவுக்குப் பக்கத்துல கார்த்திகை மீன் கூட்டம், அதைக் காட்டி "அறுமீனு"ன்னாரு, அவ்வளவுதான் பேசினது. மூணே முக்கால் தாண்டினதும் கைய நீட்டுனாரு. அவர் கை என் கை மாதிரி இல்ல, வலைக்கயிறு இழுத்து இழுத்து விரல் ஒவ்வொண்ணும் தடிச்சுப் போயிருக்கு. ஒரு கண்ணை மூடி ரொம்ப நேரம் அளந்தாரு. மூணரைன்னு சொன்னாரு. என் கையில நாலுக்கு கொஞ்சம் கம்மி. நேத்து அவர் அளக்கவே இல்லயே, அவர் விரலுக்கு எது கணக்குன்னு கேட்டா பதில் இல்ல. அதனால இன்னிக்கு அவருக்கு மூணரை, நாளைக்கு அவர் விரலாலயே அளந்து எவ்வளவு கூடியிருக்குன்னு பார்க்கணும்னு முடிவாச்சு. என் அவசரத்தை விட இது சரியான முறை, அதை அவர்தான் சொன்னாரு.

பகல்ல பாண்டி போயிட்டு வந்தேன். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட இணைஞ்ச நாள், 1962 ஆகஸ்ட் 16, அதனால அங்க இன்னிக்கும் லீவு. ஃப்ரெண்டோட மாமா ஒருத்தர் ரிட்டையர் ஆன பிரெஞ்சு வாத்தியார், அவரைப் பார்க்கத்தான். பிரான்ஸோட விண்வெளி நிறுவனத்துல 1977லேர்ந்து இந்த மாதிரி புகாரை விசாரிக்கறதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, இப்ப அதுக்கு கெய்பான்னு பேரு, துலூஸ்ல இருக்கு, விசாரிச்ச ஃபைலையெல்லாம் எல்லாரும் படிக்கறதுக்கு நெட்டுல போடறாங்க. மாமா ரெண்டு மூணு ஃபைல் படிச்சு எனக்கு தமிழ்ல சொன்னாரு. ஏ, பி, சி, டின்னு நாலு வகையா பிரிக்கறாங்க, 'ஏ'ன்னா உறுதியா கண்டுபிடிச்சது, 'பி'ன்னா அநேகமா இதுதான், 'சி'ன்னா விவரம் பத்தலை, 'டி'ன்னா விவரமெல்லாம் இருந்தும் விளங்கலை. இந்த 'சி'க்கும் 'டி'க்கும் உள்ள வித்தியாசம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அமெரிக்க விமானப்படை புளூ புக்னு ஒரு திட்டம் போட்டு 1969 வரைக்கும் 12,618 புகார் சேர்த்து, 701ஐ அடையாளம் தெரியாததுன்னு வச்சுது. அந்த 701ஐ தூக்கிக்கிட்டு வந்து வேற்றுகிரகம்னு சொல்றவங்க இருக்காங்க. தெரியலைன்னா தெரியலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

சாயங்காலம் மாமா பாரதி பூங்காவுக்கு கூட்டிட்டுப் போனாரு. பழைய பிரெஞ்சுக் கோட்டை இருந்த பக்கம் அது, 1761ல இங்கிலீஷ்காரங்க இடிச்சுத் தள்ளிட்டாங்க. அந்த இடிபாட்டுல ஒரு மேடை கட்டி லெ ழாந்தீல்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர் இதே வெள்ளிக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு. சூரியனுக்குக் குறுக்க வெள்ளி போறதை அளக்கணும், அதை வச்சு சூரியன் எவ்வளவு தூரம்னு கணக்கு போடலாம்னு 1760லயே கிளம்புன மனுஷன். 1761ல வந்து சேர்றதுக்குள்ள பாண்டிச்சேரி கைமாறிருச்சு, ஆடற கப்பல்லேர்ந்து பார்த்தாரு, அளவு எடுக்க முடியல. அடுத்தது எட்டு வருஷம் கழிச்சுன்னு ஊருக்கே போகாம இந்தப் பக்கமே சுத்திக்கிட்டிருந்தாரு. 1769 ஜூன் 4 காலையில, அதுவரைக்கும் தெளிவா இருந்த வானம், சரியா அந்த நேரத்துக்கு மேகம் மூடிருச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம் வெயில் அடிச்சுது.

அவர் இங்க இருந்தப்போ சோழியை தரையில நகர்த்தி நகர்த்தியே கிரகணம் கணக்கு போடற ஒரு தமிழர்கிட்ட அந்த முறையைக் கேட்டு எழுதி வச்சிருக்காரு. அதைக் கேட்டதும் எனக்கு அந்த மூணரை விரல்தான் ஞாபகம் வந்துச்சு. கடைசி கடலூர் பஸ்ஸைப் பிடிச்சு வந்து இதை எழுதறேன், ரெண்டு மணிக்கு எழுந்திரிக்கணும்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்னிக்கு படகுலயே போனேன். பையனும் வந்தான். அவங்க அம்மா கரை வரைக்கும் வந்து நின்னாங்க, நான் "நான் கூட இருக்கேன்மா"ன்னேன், அதுக்கு அவங்க "ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா மொதல்ல"ன்னு கேட்டாங்க. தெரியும்.

ரெண்டரைக்கு கிளம்பினோம். முகத்துவாரத்து அலையைத் தாண்டற வரைக்கும் எனக்கு எதுவும் பார்க்கற நிலைமை இல்ல, அணியத்துல, அதாவது படகோட முன்பக்கத்துல, கயிறைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வலை விட்டுட்டு எஞ்சினை அணைச்சாங்க. அந்த அமைதி கரையில கிடைக்காது.

வியாழன் முதல்ல வந்துச்சு. அப்புறம் வெள்ளி. கடல் விளிம்புல ஒரு செங்கல் நிறத்துல, கங்கு மாதிரி, வெளிச்சம் பிரிஞ்சு பிரிஞ்சு பச்சையும் செவப்புமா துடிக்குது. கரையில நின்னு பார்த்தப்போ இதை நான் பார்க்கவே இல்ல, மேகம் மறைச்சிருந்துச்சு. தெரிஞ்சே போயிருக்கேன், அது வெள்ளின்னு தெரியும், மணி தெரியும், திசை தெரியும், அப்படியும் ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு அடைச்சுது. ரெண்டையும் ஒட்டி வச்சு, எந்த எதிர்பார்ப்பும் இல்லாம திடீர்னு பார்த்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்! கொஞ்சம் மேல வந்ததும் தண்ணியில கோடு விழுந்துச்சு, நேரா படகுக்கு. பையன் சொன்ன அதே கோடு.

கூடவே வந்துச்சுன்னு சொன்னதையும் பார்த்துடலாம்னு பெரியவரே சொன்னாரு. வலையை இழுத்து வாங்குனப்புறம் தெற்க பத்து நிமிஷம் ஓட்டுனாரு. கரையில கடலூர் துறைமுகத்து லைட் ஹவுஸ் வெளிச்சம் பக்கவாட்டுல நகர்ந்து வருது, வெள்ளி இம்மி நகரல. திருப்பி வடக்க ஓட்டுனாரு, அப்பவும் கூடவே வருது. வெள்ளி இன்னிக்கு சுமார் 20 கோடி கிலோமீட்டர் தூரத்துல இருக்கு, வியாழன் அதை விட நாலு மடங்குக்கு மேல, நாம ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓடறது அதுக்கு ஒண்ணுமே இல்ல. பஸ்ஸுல போறப்ப நிலா கூட வர்ற மாதிரிதான்னு பையனே சொல்லிட்டான்.

பெரியவர் அளந்தாரு. "நாலரை."

நேத்து மூணரை, இன்னிக்கு நாலரை. அவர் கணக்கை அவரே பின்னாடி எண்ணிப் பார்த்தாரு, வெள்ளிக்கிழமை ரெண்டரை, வியாழக்கிழமை ஒண்ணரை, புதன்கிழமை அரை. செவ்வாய்க்கிழமைக்கு வந்ததும் நிறுத்திட்டாரு. விரலை மடக்கிக்கிட்டு அந்த ரெண்டையும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தாரு.

"வெள்ளிதான் தம்பி"ன்னாரு அப்புறம். "ஆனா நாங்க பாத்தது நெசம்."

நெசம்தான்யா. அதைத்தான் நான் எழுதப் போறேன்னு சொன்னேன். நேரம், திசை, நிறம், எது வடக்க எது தெற்க, எல்லாமே சரியா சொன்ன மூணு சாட்சி. இவ்வளவு சுத்தமான சாட்சியம் எனக்கு இதுக்கு முன்னாடி கிடைச்சதில்ல.

மீன்பாடு பெருசா ஒண்ணும் இல்ல, கொஞ்சம் சங்கரா, கொஞ்சம் கானாங்கெளுத்தி. எனக்குன்னு ஒரு பையில சங்கரா எடுத்து வச்சாங்க, ஃப்ரெண்டு வீட்டுல கொடுத்துட்டு, குழம்பு சாப்பிட்டுட்டு, மத்தியானம் பஸ் ஏறிட்டேன்.


ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில 4.20க்கு ஃபோன். பெரியவர். பின்னாடி எஞ்சின் சத்தம். "அஞ்சரை"ன்னாரு, வேற எதுவும் சொல்லாம.

அப்புறம், "என் மச்சான் பாத்தான்ல தெக்கால செவப்பு, அத என்னா எழுதி வச்சிருக்க?"ன்னு கேட்டாரு. 'சி'ன்னு எழுதி வச்சிருக்கேன், விவரம் பத்தலைன்னு அர்த்தம், ஒருத்தர் மட்டும் பார்த்திருக்காரு, உசரமும் சரியா சொல்ல முடியல அவரால, மறுபடி வந்தா கைமுட்டியால அளந்து மணி பார்த்துச் சொல்லச் சொல்லுங்கன்னேன். சரின்னாரு. மச்சானுக்கு பக்கத்துலேர்ந்து அப்பவே கை நீட்டக் கத்துக் கொடுக்கறது ஃபோன்ல கேட்டுச்சு, "முட்டிய மூடு, மூடுடா, கட்டவிரல உள்ள வைக்காத."

வைக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொன்னாரு. "நெலா தெனம் கீழ எறங்கிக்கினே வருது தம்பி. நான் அளந்துட்டேன். புதங்கெழம அதுங்ககிட்ட வந்து நிக்கும், பாரு."